நௌபர் சித்தியடைந்த பரீட்சை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகள் சுதர்ஷிகாவுக்கு,

நீயும் மருமகனும் அங்கே சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. நான் சுகம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. பித்தப்பை போய்ப் பன்னிரண்டு நாளாகிறது, தையலும் வெட்டியாயிற்று, இன்று குசினிக்குள் நின்று நானே சோறு வடித்தேன். பேணாட் மாமா தினமும் வந்து, நான் மெலிந்துவிட்டேன் என்று கவலைப்பட்டுவிட்டு என் பங்கு மீனையும் சாப்பிட்டுப் போகிறார். அங்கே நோர்வேயில், பேர்கனில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்காகக் கவலைப்பட எனக்கு ஏலாது, நல்ல சப்பாத்து வாங்கு.

ஆசுபத்திரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே இப்போது நோயாளிகளுக்குப் பாதுகாப்பைக் கற்பிக்க ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருக்கும் சதுரக் குறியைப் போனில் படம் பிடித்தால் பாடம் தொடங்கும். தனியே எழும்பக்கூடாது, மணியை அழுத்த வேண்டும்; மருந்து தருமுன் கைப்பட்டியிலுள்ள பெயரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்; தொட வருபவர் கை கழுவினாரா என்று கேட்கலாம், அது மரியாதைக் குறைவல்ல. தமிழ் நல்ல தமிழ், குரலும் தெளிவு. முடிவில் ஐந்து கேள்வி. ஐந்தும் சரியென்றால் தாதிமாரின் திரையில் அந்தக் கட்டிலுக்குப் பச்சைப் புள்ளி விழும், பிறகு ஒருவரும் வந்து வாயால் சொல்லமாட்டார்கள். எனக்கு முதல் தடவை நான்குதான் கிடைத்தது. முப்பத்தொரு வருடம் விலங்கியல் வினாத்தாள் தயாரித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பிழை கேள்வியில். இருந்தும் திரும்பச் செய்து ஐந்து எடுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த நஜ்முன் நிஸா, கர்ப்பப்பை எடுத்தவர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவரிடம் போன் இல்லை. மகன் நௌபர் பார்வையாளர் நேரத்தில் வந்து, குறியைப் படம் பிடித்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பாடம் முழுவதையும் தானே கேட்டு ஐந்துக்கு ஐந்து எடுத்தார். தாய்க்கு ஒரே பெருமை. ஓலெவல் பரீட்சையில் எடுக்காத புள்ளியை இங்கே எடுத்துவிட்டார் என்று என்னிடம் சொன்னார். பிறகு மகன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டார். பாடம் கிண்ணியாவில், நோயாளி இங்கே. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும்தான்.

மறுநாள் விடிய சுபஹு பாங்கு கேட்டதும் அந்த மனுசி தொழுகைக்கு முன் கை கால் கழுவவென்று கட்டிலிலிருந்து இறங்கத் தொடங்கினார். வலிக்கு ஊசி போட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஒரு கால் நிலத்தில், ஒரு கை சேலைன் கம்பியில், கம்பிக்கோ அடியில் உருளும் சில்லு. விழுந்தால் தையல் பிரிந்து திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டருக்குத்தான். எழும்பிப் பிடிக்க எனக்கு ஏலாது. மணியை அழுத்தியபடி வகுப்பறைக் குரலில் இருங்கள் என்றேன், திடுக்கிட்டுக் கட்டிலிலேயே இருந்துவிட்டார். மணியை அடித்திருக்கலாமே என்றதற்கு அவர் சொன்னது: "எனக்கென்ன டீச்சர் தெரியும், படிச்சது மகன்தானே." ஓடிவந்த தாதி இன்பமலர், இவருக்குப் பச்சை விழுந்திருக்கிறதே என்று என்னிடமே நியாயம் கேட்டாள். அந்தப் பச்சை நௌபருடையது, அவர் கிண்ணியாவில் பத்திரமாக நித்திரை கொள்கிறார் என்றேன்.

இன்பமலர் கெட்டிக்காரி, வாதாடவில்லை. புள்ளியை அழித்துவிட்டு, காலைத் தேநீருக்குப் பிறகு தன் போனையே நஜ்முன் நிஸாவின் கையில் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தொழுகைக்கு என்ன வழியென்று இதில் ஒரு சொல்லும் இல்லையே என்றார். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரிந்தவர் அவர்தான். நோயாளி தண்ணீரைத் தேடி நடக்கத் தேவையில்லை, சுத்தமான மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து, இருந்தபடியே தொழலாம் என்று எங்களுக்கே பாடம் எடுத்தார். பின்னேரம் நௌபர் ஒரு பால்மா டின்னில் மண் கொண்டுவந்தார். அவர் முன்னிலையிலேயே தாய்க்குப் பரீட்சை நடந்தது. மகன் விடை சொல்ல வாயெடுத்தபோது, "நீ சும்மா இரி மகன், வயிறு கிழிச்சது எனக்கு" என்று அடக்கினார். நான்கு. அடுத்த தடவை ஐந்து. எனக்கு முன்பே தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

இனி உன் விஷயம். நீ டொக்டருக்குத் தினமும் போன் எடுத்து, என் மருந்து, பத்தியம், அடுத்த கிளினிக் எல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறாய் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். மகளுக்கு விளங்கிவிட்டது என்று அவரும் எனக்கு ஒன்றும் சொல்லாமலே வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார். எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பதென்று மூன்று நாளாகப் பேணாட் மாமா பேர்கனுக்குப் போன் எடுத்து அறிந்து எனக்குச் சொல்கிறார். உன் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை, நௌபருக்கும் அக்கறைதான். எழுதி வைத்ததை ஒன்றும் விடாமல் எனக்கு அனுப்பு. டொக்டரிடமும் சொல்லிவிடு, இனிச் சொல்வதையெல்லாம் முதலில் என்னிடம் சொல்லட்டும், நான் உனக்குச் சொல்வேன்.

ஆண்டவரின் ஆசியும் என் ஆசியும் உங்கள் வீட்டில் தங்கட்டும். கிளினிக் வியாழக்கிழமை. பட்டியலை இன்றே அனுப்பு, அதைப் படித்து அவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தயாரிக்க எனக்கு நேரம் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா