பத்து நிமிடத்தில் முடிந்த கணக்கு

நைனா,

காலையில் முகக்கவசத் தகட்டை வெந்நீரில் போட்டார்கள். இளகும் பிளாஸ்டிக் வாசனை எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ கதிர்வீச்சுக்குப் படுத்த அதே அறையில்தான் இப்போது நான் உதவி வேலை செய்கிறேன். இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தலை அசையாமலிருக்க உனக்கு அளவெடுத்துக் கவசம் செய்தார்கள். மறுநாளே, மகள் நான் வேண்டிக்கொண்டேன் என்பதற்காக, ரோலிங் மில்லில் லீவு சொல்லிவிட்டுத் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டாய். திரும்பி வந்து படுத்தால் கவசம் ஆடியது.

"இன்னாபா, மண்டைய மாத்திக்கினு வந்துட்டியா?" என்று டெக்னீஷியன் சிரித்தார்.

"பழசு முருகராண்ட கீது சார்" என்றாய் நீ.

புதுக் கவசம், புது ஸ்கேன், மறுபடி கணக்கு. எந்தப் பக்கமிருந்து எவ்வளவு கதிர் விட்டால் கட்டி கருகும், கண்ணும் தண்டுவடமும் தப்பும் என்று கணினி மாற்றி மாற்றிப் பார்க்கும். சரிவராவிட்டால் முதலிலிருந்து. ஒன்பது நாள் போயிற்று. அதனால்தான் நீ இறந்தாய் என்று டாக்டர் சொல்லவில்லை. நான்தான் தினமும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று ஆர்.கே.பேட்டையிலிருந்து ஓர் அக்கா வந்தார், சந்தனம் காயாத மொட்டையோடு. முன்பே அளவெடுத்த அவர் கவசமும் ஆடியது. யாரிடமும் நிமிர்ந்து பேசாத நான், கணக்குப் போடும் மேடத்தின் கதவைத் தட்டிவிட்டேன்.

"இவங்களும் ஒம்போது நாள் காத்துக்கினு இருக்கணுமா மேடம்?"

"புது முறை வந்துட்ச்சு. ஸ்கேன் முடிஞ்சதும் வந்து பாரு."

கதிரின் ஒவ்வொரு கீற்றும் உடம்பின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு படும் என்பது கோடிக்கணக்கான எண்களாம், மேடம் சொன்னார். பெரும்பாலானவை மிகச் சின்னவை. பழைய முறை அத்தனையையும் சுமந்துகொண்டு ஓடும். புது முறை சின்னவற்றை மொத்தமாகச் சுருக்கிக்கொண்டு ஓடுகிறது. பிழை வராமலும் பார்த்துக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது. திரையில் கோடுகள் இறங்கி இறங்கி நின்றன. பத்தே நிமிடம், நைனா. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புதுக் கவசமும் சோதனைகளும் முடிந்து மாலையிலேயே அந்த அக்காவை உள்ளே அழைத்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டிக்கினதே தப்பாப் பூட்ச்சாம்மா?"

"இல்லக்கா. முடி போனா மாஸ்க் லூசாவும். அவ்ளோதான்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது.

அந்த ஒன்பது நாளை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் நாளையிலிருந்து, அளவெடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் நானே வாய்திறந்து கேட்கப் போகிறேன்: "மொட்டை வேண்டுதல் எதுனா கீதா? இருந்தா மொதல்ல அத முடிச்சிட்டு வாங்க."