சிவப்பு ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுத்தவள்

என் சிவப்பு ஹெல்மெட்டை நீதான் வாங்கிக் கொடுத்தாய் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி வந்து, ஸ்கூட்டரை உன் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தியபோதே அந்தப் பேச்சு காதில் விழுந்தது. பந்தலில் இருந்த உன் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி, "நம்மக்காதான் இந்தம்மாளுக்குச் செவப்பு வாங்கிக் குடுத்துப் பழக்கி உட்டுட்டுப் போயிருச்சு" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "ஆமாங்க, அக்காளுக்குக் கலருன்னா உசுரு" என்று ஒத்து ஊதினாள். துக்க வீட்டில் மறுத்துப் பேசுவது முறையில்லை என்று வாயை மூடிக்கொண்டு மலையேறி வந்துவிட்டேன். ஆனால் நடந்ததை நடந்தபடி ஒரு முறையாவது எழுதி வைக்க வேண்டும். அதைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். ஆகவே உனக்கே எழுதுகிறேன்.

நான்கு நாள் மழைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வெயில் அடித்தது. என் சிவப்பு, உன் வெள்ளை, இரண்டு ஹெல்மெட்டுகளையும் களத்தில் கவிழ்க்காமல், வாய் மேலே பார்க்க வைத்துக் காய வைத்தேன். பதினோரு மணிக்கு எடுத்து வரும்போது வெள்ளை ஹெல்மெட்டின் உள்பஞ்சிலிருந்து உன் செம்பருத்தி எண்ணெயின் வாசனை எழுந்தது. வெயில் பட்டால்தான் வரும் போலிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன்.

1997இல் என் கணவர் போனார். மிளகுத் தோட்டமும் நானும் மலைமேல் இந்த வாழவந்தி நாட்டுக் கிராமத்தில் தங்கினோம். பஸ்ஸுக்காக மணிக்கணக்கில் நிற்பதும், போகிறவர் வருகிறவரிடம் கொஞ்சம் கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்பதும் எனக்கு ஒத்து வராத காரியம். அவர் போய் இரண்டு வருடமாகும்போது, அறுபத்தோராம் வயதில், கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். ஒரு மாதம் களத்தைச் சுற்றினேன். இரண்டாம் மாதம் செம்மேடு வரை போய் வந்தேன். மூன்றாம் மாதம் செய்தி சேலத்தில் இருக்கும் என் மகனுக்கு எட்டிவிட்டது.

அவன் வந்த அன்று, பள்ளித் தோழியான என்னைப் பார்க்க வந்து நீயும் இங்கே இருந்தாய். மார்கழி முதல் வாரம். காப்பியைக்கூடத் தொடாமல், "அம்மா, தையோட சேலத்துக்கு வந்துருங்க. இல்லீன்னா வண்டிச் சாவியக் குடுங்க" என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாவி போனால் தோட்டம் போகும், தோட்டம் போனால் நான் அவன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மருமகளின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

நான் வாய் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "கண்ணு, உங்கம்மா ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு, என்னையப் பின்னாடி ஏத்திக்கிட்டு, காரவள்ளிக்கு எறங்கி மறுக்காவும் மலையேறட்டும். நீ இங்கயே இருந்து பாரு. ஏறீட்டான்னா சாவி அவகிட்டயே இருக்கட்டும். இல்லீன்னா நானே துணிமணி மடிச்சு உங்கூட அனுப்பறேன்."

அவன் யோசித்தான். "சின்னம்மா, நீங்களும் ஹெல்மெட் போடோணும்" என்றான். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு என்று நாள் குறித்தோம். அன்றைக்கு ஹெல்மெட்டைக் கேட்பாரும் இல்லை, கட்டாயமும் இல்லை. மலையில் ஹெல்மெட் போட்ட பெண்ணை யாரும் பார்த்ததும் இல்லை. உனக்கு அந்த வண்டியில் ஏற வேண்டிய தேவை எதுவும் இல்லை. எனக்காக எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் உன் உயிரைப் பின் இருக்கையில் வைத்தாய். அதற்கு நான் அப்போது நன்றி சொன்னதாக நினைவில்லை.

இனி என் தவறு. அதையும் மறைக்கப் போவதில்லை.

தையல் நாடாவை எடுத்து என் தலையை நானே அளந்தேன். அரை சென்டிமீட்டர்கூடப் பிசகாமல் சீட்டில் எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து நாமக்கல் கடைக்கு அனுப்பினேன். மருந்து, உரம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் மலைக்கு அப்படித்தானே வருகின்றன. மறுநாள் அதே பஸ்ஸில் கறுப்பு ஹெல்மெட் வந்து இறங்கியது. போட்டேன். ஒரு குறையும் தெரியவில்லை. களத்தில் வண்டியை எடுத்து இடது பக்கம் திரும்பினேன். நான் திரும்பினேன், ஹெல்மெட் திரும்பவில்லை. கண்ணுக்கு முன்னால் கண்ணாடிக்குப் பதில் பஞ்சு இருந்தது. காய வைத்திருந்த சாமைக்குள் வண்டியோடு போய் நின்றேன்.

நீ கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். "கொண்டைக்கு வாங்குனயா, மண்டைக்கு வாங்குனயா புள்ள?"

அதுதான் விஷயம். கொண்டையையும் சேர்த்து அளந்திருக்கிறேன். உச்சிக்குக் கீழே இறுக்கி, ஒரு முடி வெளியே தெரியாமல் போடும் அந்தக் கொண்டை நாம் சேர்ந்து படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் கற்றுக் கொடுத்தது. நீ இரண்டாம் நாளே அதை அவிழ்த்துப் போட்டாய். நான் நாற்பது வருடத்துக்கு மேல் அவிழ்க்கவில்லை. அது என் தலையைச் சேர்ந்ததல்ல என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் நீயே என் கொண்டையைப் பிரித்தாய். பின்னலாகப் போட்டுக் கழுத்தடியில் தட்டையாக மடித்துக் கட்டினாய். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ போல இருந்தேன். நான் கழுத்தடியைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு, "உசுரு இருந்தா எப்ப வேணாலும் கொண்டை போட்டுக்கலாம்" என்றாய். அதற்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து நாமக்கல் போனோம்.

கடைக்காரர் எழுந்து நின்று, "மகனுக்குங்களா, பேரனுக்குங்களா?" என்று கேட்டார். "எங்களுக்குத்தானுங்க" என்றாய். கறுப்பு ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்தச் சீட்டு எழுதுனது நீங்கதானுங்களா? அவ்வளவு பெரிய தலை யாருக்கு இருக்குமுன்னு நாலு நாளா ரோசனை பண்ணீட்டு இருந்தேனுங்க" என்றார். நீ என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் அந்தக் கடையை விட்டே வெளியேறியிருப்பேன்.

முதலில் பெண்களுக்கானது என்று ஒன்றைக் காட்டினார். காதுக்கு மேலேயே நின்றுவிடும் தொப்பி, பக்கத்தில் பூப் படம். எடை இல்லை, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கட்டை விரலால் உள்ளே அழுத்தினேன். அப்பளம் போல அமுங்கியது. அதை மேசையில் வைத்துவிட்டு, முகம் மூடுகிற ஹெல்மெட்டுகளைக் கேட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒட்டியதா பதித்ததா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தாடைப் பட்டையை மாட்டி, முன்னும் பின்னும் உன்னை இழுக்கச் சொன்னேன். கன்னத்தைப் பிடிக்க வேண்டும், ஆனால் காது நோகக் கூடாது. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும். ஏழு ஹெல்மெட்டில் இரண்டு தேறின. ஒன்று வெள்ளை. இன்னொன்று சிவப்பு, ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது.

நீ வெள்ளையை எடுத்து என் கையில் கொடுத்தாய். "இது போதும் புள்ள."

கிளிப்பச்சைப் புடவைக்கு ஊதா ரவிக்கை போடுகிற நீ! ஏன் என்று கேட்டேன். கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாய். "ஊரு ஒண்ணு சொல்லும். என்னையச் சொன்னாத் தொடச்சுட்டுப் போயிருவேன். உன்னையச் சொன்னா எனக்குத் தாங்காது."

எனக்குக் கோபம் வந்தது. கணவர் போனபின் நான் வெளிர் நிறங்கள் உடுத்தியது என் விருப்பம். ஊர் கேட்டு உடுத்தவில்லை. சிவப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியின் முன் போய் நின்றேன். பிறகு கடைக்காரரிடம், இரண்டையும் எடுத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்க முடியுமா என்று கேட்டேன். "ஏனுங்கம்மா, ஹெல்மெட் வாங்க வந்தீங்களா, சிக்னல் லைட்டு வாங்க வந்தீங்களா?" என்று முனகிக்கொண்டே போய் நின்றார். பஸ் கிளப்பிய புழுதியில் முதலில் தெரிந்தது சிவப்பு. மார்கழிப் பனியில் வெள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை என்று உனக்கு விளக்கினேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு அந்த வெள்ளையை உனக்கு எடுத்துக்கொண்டாய். ஆகவே, சிவப்பை நீ வாங்கிக் கொடுக்கவில்லை. நீ தடுத்தாய். நான் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் மகனைக் களத்தில் நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். இறங்கும்போது பாதி வழியில் பிரேக் ஆறட்டும் என்று ஒரு முறை நின்றோம். உன் வீட்டில் காப்பி குடித்தோம். உன் வீட்டுக்காரர் டயரில் காற்று இருக்கிறதா என்று இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். ஏறும்போது பனி இறங்கியிருந்தது. ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது என்பதால் வளைவுக்கு ஒரு தட்டு என்று என் தோளில் தட்டிக்கொண்டே வந்தாய். என் மூச்சு கண்ணாடியில் படிந்ததும் அதை ஒரு விரல் அகலம் தூக்கி வைத்தேன். குளிர் காற்று உள்ளே பாய்ந்தது. அந்த நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. பயம் இருந்தது, ஆனால் அது சந்தோஷத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தது.

நாற்பதுக்கு மேல் ஏதோ ஒரு வளைவு. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிற வண்டி நின்று வழிவிட வேண்டும். ஆனால் ஏறுகிற வண்டி கண்ணில் பட்டால்தானே நிற்க முடியும். நான் ஹாரன் அடித்தேன். பனிக்குள்ளிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று முளைத்து, இரண்டு கை தூரத்தில் அதிர்ந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஹாரன் எங்கிருந்து வருதுன்னே தெரியலீங்கம்மா. அந்தச் செவப்புத் தெரிஞ்சுதுங்க, மிதிச்சுட்டேன்." கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, பின்னாடி ஒருத்தரு இருக்கறது இப்பத்தானுங்க தெரியுது" என்றார்.

நீ தோளில் தட்டவில்லை. என் ஹெல்மெட்டின் மேல் ஓங்கி ஒரு குட்டு வைத்தாய். நான் எடுத்த சிவப்புதான் சரி என்று அதற்குப் பொருள்.

எழுபதாவது தட்டுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் மகன் எனக்காகக் கட்டி வைத்திருந்த பெட்டி வாசலில் இருந்தது. எங்களைப் பார்த்தான். "செவப்புங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். பிறகு பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், இருந்த இடத்தில் வைத்தான். சாவி வண்டியிலேயே இருந்தது.

லாரிக் கதையை அன்று முதல் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். பனிக்காகத்தான் சிவப்பு என்று. அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கடைக் கண்ணாடியில் இரண்டு வருடத்துக்குப் பின் என் முகத்தைச் சுற்றிச் சிவப்பைப் பார்த்தேன். பிடித்திருந்தது. பனி எனக்கு அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அதனால்தான் அன்று அப்படிப் பார்த்தாய்.

நீ ஆடியில் உன் கட்டிலில், தூக்கத்திலேயே போனாய். வண்டியில் சுற்றித்தான் உடம்பு கெட்டது என்று சொல்கிறவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். உன் வெள்ளை ஹெல்மெட்டை உன் மகள் என்னிடம் கொடுத்தாள். அது எப்போதும் என் வண்டிக் கொக்கியில் தொங்குகிறது. அரியூர் நாட்டு ஊர்களுக்கு ஊசி போட நடந்து போகும் நர்ஸ், சந்தைக்குப் போகிற பெண்கள், யாராக இருந்தாலும் அதைப் போட்டால்தான் என் பின்னால் ஏறலாம். கொண்டை இருந்தால் நானே அவிழ்த்துப் பின்னி விடுகிறேன். சிவப்பாக ஒரு துணிப் பட்டையும் அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நீ இருந்தபோதே உனக்குச் செய்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கியதும், சிவப்பு எனக்குப் பொருந்துகிறதா என்று கேட்டேன். "யோசிச்சு எழுதியனுப்பறேன்" என்றாய். கான்வென்ட் விடுமுறையில் நீ எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் சிவப்பு மையில் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பியவள் நான். அதைச் சொல்லிக் காட்டினாய். "தப்பில்லாம எழுதோணுமல்ல, நாளாகும்." அதற்குப் பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டேன். இன்னும் யோசிக்கிறேன் என்று சிரித்தாய்.

யோசித்தது போதும். பொருந்தியதா இல்லையா என்று எழுத்தில் பதில் அனுப்பு. இந்த முறை திருத்த மாட்டேன்.