உன் அட்டையில் மூன்று முத்திரைகள்

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் நீ வழக்கமாகச் சாப்பிட வரும் இந்த ஜப்பானிய ராமென் நூடுல்ஸ் கடையில் மூன்று நாளாகக் காத்திருக்கிறேன். குச்சியில் நூடுல்ஸ் நிற்கவில்லை. "கரண்டியால சாப்பிடும்மா, யாரும் பாக்கல" என்றார் சமையற்காரர்.

அம்மாவுக்கு வியாழக்கிழமை இதய அறுவை சிகிச்சை. அப்பா சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டி, "படிச்சவ நீதானே, போடு" என்கிறார். அதிலுள்ளதை அவருக்கு முழுதாக நான் வாசித்துக் காட்டவில்லை. தனியாகக் கையெழுத்துப் போட எனக்குத் தைரியமில்லை. "வாசல மிதிக்காத" என்று உன்னிடம் அவர் சொன்னது வீட்டுக்குத்தான், ஆஸ்பத்திரிக்கு இல்லை.

கடைச் சுவரில் வாடிக்கையாளர் அட்டைகளோடு இருக்கும் உன் அட்டையில், கிண்ணத்துக்கு ஒன்றாக ஏழு முத்திரைகள் இருந்தன. நான் சாப்பிட்ட மூன்று கிண்ணத்துக்கும் அதிலேயே குத்தச் சொன்னேன். பத்து நிறைந்துவிட்டது, அடுத்த கிண்ணம் உனக்கு இலவசம். கடிதத்தை அட்டைக்குப் பின்னால் செருகுகிறேன்.

புதன்கிழமைக்குள் உனக்குப் பசிக்க வேண்டும்.

உன் தங்கை