நீ அழிக்க மறுத்த வரி

நம் மலையூர் ரிங்லெட்டில் புதிதாகத் திறந்திருக்கும் தேநீர்க் கடையில் பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். சுற்றுப்பயணிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நேற்று அதைக் கடக்கும்போது நாடாவின் மை வாடை மூக்கில் ஏறியது. குடிக்க உட்கார்ந்தவள் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். வந்தது உன்மேல் கோபமா, உனக்காகக் கோபமா என்று வழியெல்லாம் யோசித்தேன். இரண்டும்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயனிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் இரண்டு பெண்கள் நாம். பட்டத்தோடு திரும்பி வந்து மாதக்கணக்கில் வேலைக்கு எழுதிப் போட்டோம்; ஒரு பதிலும் இல்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கூடையோடு நம்மைக் கடக்கும்போது, இன்னும் வேலை கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். கேலியில்லை, கவலைதான். அதுதான் அதிகம் சுட்டது.

பள்ளி விடுமுறையில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அலுவலகச் சாவியை உன்னிடம் கொடுத்தார். அங்கிருந்த இயந்திரத்தில் நம் சுயவிவரங்களைப் புதிதாக அடிப்பதாக ஏற்பாடு. என்னுடையதை முதலில் வாங்கிப் படித்து முகம் சுளித்தாய்.

"கைண்ட்லி, கைண்ட்லின்னு எத்தன வாட்டி போட்டிருக்க. கெஞ்சாதடி. என்னா செஞ்சியோ அத எழுது."

நான் ஒன்றுமே செய்யவில்லையே என்றேன். நீ விடவில்லை. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பெரியவர்களைத் தானா ராத்தா அரசாங்க அலுவலகத்துக்கு அழைத்துப் போய், மலாயில் அவர்களுக்காகப் பேசி, குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுப்போட வைத்ததை என் வாயாலேயே சொல்ல வைத்தாய். அதை இரண்டு வரியாக அடித்து மேலே ஏற்றினாய். மதிப்பெண்களைக் கீழே தள்ளினாய். என் வாழ்க்கையை அவ்வளவு நிமிர்ந்த வாக்கியங்களில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உன்னுடையதில் இருந்தது இன்னும் பெரிய விஷயம். லயன் குழாயில் சேறாகத் தண்ணீர் வந்து பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்த வருடம், விடுமுறைக்கு வந்திருந்த நீ வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டித் தோட்ட மேலாளரான துரையின் ஆபீஸ் வாசலில் நிறுத்தினாய். வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். துரை புதுக் குழாய் போட்டுக் கொடுத்தார். குடியிருப்பாளர் சார்பில் நிர்வாகத்திடம் பேசிச் சுத்தமான தண்ணீர் பெற்றுத் தந்தேன் என்று அதை ஒரே வரியில் எழுதியிருந்தாய்.

விண்ணப்பத்தோடு தோட்டத்து நன்னடத்தைச் சான்றும் வைக்க வேண்டும். ஆபீசை நடத்திய தலைமை எழுத்தர், பெரிய கிராணியிடம் போனோம். எனக்கு உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார். உன் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இந்தத் தண்ணி விசயத்த எடுத்துட்டு வாம்மா. நல்லதா நாலு வார்த்த எழுதித் தரேன்."

"அத எடுத்துட்டா, சார், நான் என்னா செஞ்சேன்னு எழுதறது?"

"அப்ப நான் எப்படிலா கையெழுத்துப் போடறது? தொர பாத்தா என் வேல போயிரும்."

நீ தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாய். வழியில் நான் கத்தினேன். ஒரு வரிதானே, வேலை கிடைத்த பிறகு ஊருக்கே சொல்லிக்கொள் என்றேன். சிரித்தாய். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்றும் கோபம்.

எனக்கு ஈப்போவில் அரசாங்க வேலை கிடைத்தது. நேர்காணலில் அடையாள அட்டை வரிகளைப் பற்றித்தான் கேட்டார்கள். என் வரிகள் தோட்டத்தில் யாரையும் சுடவில்லை. அவற்றுக்கு முத்திரை விழுந்தது. உன் வரி சுட்டது. சான்றில்லாத உன் விண்ணப்பங்கள் போன இடத்திலேயே கிடந்தன. நீ கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் கணக்கு எழுதப் போனாய். பொருளாதாரம் படித்தவள், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே லோரியில் போய் வந்தாய். மழைக்காலத்தில் ஒருநாள் அந்த லோரி வளைவில் புரண்டது.

உன் உடலைத் தூக்குவதற்கு முன் லயன் வாசலில் பெரிய கிராணி பேசினார். "நம்ம லயனுக்கு நல்ல தண்ணி கொண்டாந்த புள்ள" என்றார். குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"உயிரோட இருக்கறப்ப இத எழுதக்கூடாதுன்னு சொன்னீங்களே, சார்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்தார்.

"விட்டுரும்மா. நாங்க இன்னும் இங்கதான் இருக்கணும்."

தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். மகளின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாய் அதை நினைக்க வேண்டியிருந்தது. அவருக்காக வாயை மூடினேன். கிராணியையாவது ஒருநாள் மன்னிப்பேன். அவரும் பயந்த மனிதர்தான். அந்தப் பயத்தை நம் வீடுகளுக்கு வாடகையாக வைத்தவர்களை மன்னிக்க மாட்டேன்.

பின்னாளில் நானே நேர்காணல் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தேன். பணிவானவர், அடக்கமானவர் என்று சான்று கொண்டுவரும் பிள்ளைகளிடம், யாரையாவது எதிர்த்துப் பேசியிருக்கிறாயா என்று கேட்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் நெளிவார்கள். மேலதிகாரி தனியே அழைத்து அந்தக் கேள்வி வேண்டாம் என்றார். ஓய்வு பெறும்வரை கேட்டேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எப்போதாவது ஒருத்தி, சற்றுத் தயங்கி, ஆமாம் என்பாள். அவளுக்கு மதிப்பெண் போடும்போதும் கோபம்தான் வரும். உனக்குப் போட அந்த மேசையில் அன்று ஒருவரும் இல்லையே.