நாற்காலியில் வைத்த முள்பூ

என் வீட்டுக்காரருக்கு,

நான் வேலை பார்க்கும் கோட்டை மியூசியத்தில், பழைய நாற்காலிகளில் யாரும் உட்காராதிருக்க, காய்ந்த முள்பூ ஒன்றை வைப்போம். போன வாரம் சுற்றிப் பார்க்க வந்த ஒரு கிளாஸ்கோக்காரர் அதன்மேலேயே உட்கார்ந்து அலறினார், அது கிடக்கட்டும். நீங்கள் கோபித்துக்கொண்டு போனதும் உங்கள் நாற்காலியிலும் ஒன்று வைத்தேன், வேறு யாரும் உட்காரக் கூடாதென்று.

நேற்று நான் வேலையிலிருந்தபோது வந்தீர்களாமே! பக்கத்து வீட்டு எஃபி சொன்னாள்: "பெட்டியோட வந்தாரு. நாற்காலியப் பாத்தாரு. 'எனக்கே முள்ளு வச்சிட்டாளா?'ன்னு திரும்பிட்டாரு. ஏண்டி, வீட்டையும் மியூசியமாக்கிட்டியா?"

ஐயோ, அது உங்களைத் தடுக்க வைத்ததல்ல, உங்களுக்காக வைத்தது. எங்கே இருக்கிறீர்களென்று தெரியாமல் உங்கள் அக்கா வீட்டுக்கு எழுதுகிறேன். இன்று வேலைக்குப் போகவில்லை. கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். வாருங்கள்.

அண்ணி, இதை நீங்கள் பிரித்தாலும் சரி, அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி