மறுமுனையிலிருந்து வருகிறேன்

இன்று காலை திருத்த வாங்கிய சிலேட்டில் பச்சை ஏலக்காய் வாசனை. பள்ளிக்கு வருமுன் அம்மாவோடு காய் எடுத்துவிட்டு வந்த பிள்ளையின் கை. உடனே உன் நினைவுதான் வந்தது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

வண்டன்மேட்டுத் தோட்டப் பள்ளியில் நாம் இருவர்தான் ஆசிரியைகள். உனக்கு மூன்றாம் வகுப்பு, எனக்கு நான்கு. காய் எடுக்கும் பெண்களைப் பார்த்துத்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. தன் செடி வரிசையை முடித்தவள் சும்மா உட்கார மாட்டாள். பின்தங்கியவளின் வரிசைக்குள் மறுமுனையிலிருந்து நுழைவாள். இருவரும் நடுவில் சந்திப்பார்கள். நீ பிள்ளைகளை நால்வர் நால்வராக உட்கார வைத்து, "உங்கம்மா செய்யிற மாதிரியே செய்ங்க" என்றாய்.

அப்படியே செய்தார்கள். கணக்கை முடித்தவர்கள், உன் வகுப்பில் பின்தங்கியிருந்த பேச்சியின் சிலேட்டைப் பிடுங்கி அவளுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். "ஏட்டி, இது காப்பியடிக்கிறது. பழையபடி உக்கார வை" என்றேன். நீ அசையவில்லை.

"ஒத்தாசை பண்ணத் தெரியுதுல்ல. இனி கை சும்மா இருக்கட்டும், வாய் பேசட்டும்."

அடுத்தவர் சிலேட்டைத் தொடக்கூடாது, குழுவில் கடைசியாகப் புரிந்துகொண்ட பிள்ளைதான் விடை சொல்ல வேண்டும் என்று விதி போட்டாய். அன்று சிரித்ததற்கு நான் உன்னிடம் வருத்தம்கூடச் சொன்னதில்லை.

பேச்சி தேறாவிட்டால் காய் எடுக்க அனுப்பிவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அவளையே எழுப்பினார். கூட்டலின் பாதியில் நின்றவள், தன் குழுவைத் திரும்பிப் பார்த்து, "எங்க விட்டேன்?" என்றாள்.

"மேல வச்ச ஒண்ணக் கூட்டல" என்றாள் ஒருத்தி.

"பரீட்சையில கேக்கலாமா, டீச்சர்?" என்றார் அவர் உன்னிடம்.

"கேக்கத்தான் சார் வருசம் பூரா பழக்கினேன். சொன்ன பிள்ள கை எங்க இருக்குன்னு பாருங்க."

மூன்று பேரும் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். அவர் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டு வேறு கணக்குக் கொடுத்தார். அந்த மூவரும் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் தனக்குத்தானே முணுமுணுத்தபடி, பேச்சி தனியாகவே போட்டு முடித்தாள். தேறினாள்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. புது டீச்சர் வரும்வரை உன் வகுப்பு வேண்டாம் என்றார்கள் தோட்டத்து நிர்வாகத்தினர். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு வகுப்புக்கும் நடுவிலிருந்த தட்டியை எடுத்துவிட்டேன். இன்றும் நால்வர் நால்வராகத்தான் உட்காருகிறார்கள்.

தினமும் என் வரிசையை முடித்துவிட்டு, மறுமுனையிலிருந்து உன் வரிசைக்குள் வருகிறேன். நடுவில் நீ நிற்க மாட்டாய் என்று தெரியும். ஆகவே நீ தொடங்கிய இடம்வரை நானே வருவேன்.