முகமூடி அறையிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அவள், குழந்தை எல்லோரும் நலம். அங்கே நலமா என்று வழக்கம்போலக் கேட்டு எழுதக் கை வரவில்லை. அத்தான் ஃபோனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நானும் ஃபோன் செய்திருக்கலாம். செய்தால் நீ பேசுவாய். தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகும், மைதானத்தில் பிள்ளைகளை ஓட விரட்டுகிற அதே வேகத்தில், கிசுகிசுக் குரலில் என்னை விரட்டுவாய். அதனால்தான் கடிதம். பிறந்ததிலிருந்து நீ குறுக்கே பேசாமல் நான் பேசப்போவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகவே பேசிக்கொள்கிறேனே.

என் வேலையை நீ எப்போதும் கேலி செய்வாய். கேன்சர் ஆஸ்பத்திரியில் யாருக்குப் பிரமோஷன், யாருக்குக் குழந்தை என்று எழுத ஒரு ஆள், அவனுக்கு ஒரு சம்பளம் என்பாய். உண்மைதான். எங்கள் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்தின் மாதச் செய்தி மடலில் முன்பக்கம் ஊழியர் செய்திகள், பின்பக்கம் வரவிருக்கும் நிகழ்ச்சிகள். இந்த மாத மடல் அச்சுக்குப் போய்விட்டது. அதில் இடம் போதாததையும், இடம் இருந்தாலும் போட முடியாததையும் உனக்கு எழுதுகிறேன்.

முதல் செய்தி, பிசிக்ஸ் மேடம் துறைத் தலைவர் ஆகிவிட்டார். கதிர்வீச்சு இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. தினமும் நோயாளிகள் வருவதற்கு முன்னால், மனிதர் படுக்க வேண்டிய மேசையில் ஓர் அளவுக் கருவியைப் படுக்க வைத்து, அதன்மேல் கதிரை விட்டுப் பார்ப்பார். கணக்குச் சரியாக வந்தால்தான் கதவு திறக்கும். போன மாதம் ஒருநாள் அளவு இம்மியளவு பிசகியது. விதிமுறைப்படி அது அனுமதிக்கப்பட்ட பிசகுதான். மேடம் திறக்கவில்லை. வெளியே நடைபாதை முழுக்கக் கூட்டம். இயக்குநரே இறங்கி வந்து, இந்த அளவு பிசகு பரவாயில்லையே அம்மா என்று கேட்டார். “உள்ள படுக்கிறவங்களுக்கு இதைப் பத்தி எதுவும் தெரியாது சார். அவங்க சார்பா சந்தேகப்பட என்னை விட்டா வேற ஆள் இல்ல” என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் அன்று காகிதமும் பேனாவுமாகத்தான் நின்றேன், ஆனால் எதையும் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அடுத்தது ஸ்லைடு டாக்டர். உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்னது என்று சொல்பவர். வெளியூரில் நடந்த மாநாட்டில் விருது வாங்கியிருக்கிறார். மடலில் படத்தோடு போட்டிருக்கிறேன். போடாதது இது. உன் பயாப்சித் தகடு உனக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்துவிட்டது அல்லவா, அதைப் பார்த்தது அவர்தான். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவனைப் போல நான் கதவோரம் நின்றேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, நீயே பார் என்றார்.

அக்கா, ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு ஊரே தெரிந்தது. வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஓர் ஓரத்தில் மட்டும் வரிசை கலைந்து கொழுத்துக் கிடந்தன. அதுதான் என்றார். அதற்குக் கீழே ஒரு கோடு. “பாருங்க, இன்னும் ஆழமா இறங்கல. நல்ல நேரத்துல பிடிச்சிருக்காங்க” என்றார். ஆயுசு முழுக்க உன் குரலிடம் திட்டு வாங்கியவன் நான். அது புறப்படுகிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அவ்வளவு மெல்லிய சவ்வு. அதிலிருந்தா மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது என்று மலைத்துப்போனேன். எழுந்து வரவே மனமில்லை.

இங்கே சிகிச்சையை முடிவு செய்கிற பெரிய டாக்டர் சொன்னதை அத்தானிடம் சொன்னேன், உனக்கும் எழுதிவிடுகிறேன். கத்தி வேண்டாம். கரண்ட் வைப்பது என்று ஊரில் சொல்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு மட்டும் போதும். முழுக்கக் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, குரலும் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் தள்ளிப் போடக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கிவிட்டால் பேச்சே வேறு.

அங்கே டாக்டர் சிகிச்சையை விளக்கியபோது எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிய நீ, தலை அசையாமல் இருக்க முகத்தில் முகமூடி போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள் என்று கேட்டதும் எழுந்து வந்துவிட்டாயாம். சின்ன வயதில் அலமாரிக்குள் மாட்டிக்கொண்டதிலிருந்து போர்வையைக்கூட முகம் வரை இழுக்காதவள் நீ, எனக்குத் தெரியாததா. ஆனால் “அதுக்குப் பதிலா இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்” என்று அத்தானிடம் சொன்னாயாமே, அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இருக்கிற வரைக்கும் என்பது நீ மட்டும் முடிவு செய்கிற விஷயமா?

இந்த இடத்தில் மூன்றாவது செய்தி. முகமூடி அறைக்குப் புது மேசை வந்திருக்கிறது. அந்த அறையின் பொறுப்பாளரை எல்லோரும் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு அளவெடுத்து முகமூடி செய்து, சிகிச்சை நாட்களில் தினமும் மாட்டியும் விடுகிறவர். எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. இங்கே வேலைக்குச் சேர்கிறவர் டாக்டராக இருந்தாலும் கேன்டீன்காரராக இருந்தாலும், ஒரு தடவை தையல்காரம்மாவின் மேசையில் படுத்து முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். கதிர் கிடையாது, முகமூடி மட்டும். நோயாளி எதைத் தாங்குகிறார் என்று தெரியாதவர் இங்கே நடமாடக் கூடாது என்பது அவர் சட்டம். அந்த அறை அலமாரியில் எங்கள் ஆட்கள் எல்லோருடைய முகமும் வெள்ளை வெள்ளையாக அடுக்கியிருக்கும். இயக்குநரின் மூக்கை யாரும் தவறவிட முடியாது.

என் முகம் மட்டும் அங்கே இல்லாமல் இருந்தது. ஜலதோஷம், அச்சக வேலை, பல்வலி என்று சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டே வந்தேன். பயத்தில் நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம். அத்தானிடம் பேசிய மறுநாள் நானாகவே போய் நின்றேன். தையல்காரம்மா ஏன் என்று கேட்கவில்லை. படுங்க என்றார்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வெந்நீரில் ஊறிய, துளை துளையாக இருக்கிற பிளாஸ்டிக் தகட்டை எடுத்து முகத்தின் மேல் இழுத்துவிடுகிறார்கள். முதலில் சூடான ஈரத்துண்டு போட்டதுபோல இதமாகத்தான் இருக்கிறது. அது இறுகும்போதுதான் வேலையைக் காட்டுகிறது. நான் கையை உதறினேன். அடுத்த நொடி டக் டக்கென்று கொக்கிகள் கழன்று முகம் வெளியே வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் கழற்ற முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெட்கமாக இருந்தது. பயப்படாதே என்று சொல்வார் என்று நினைத்தேன். “பயப்படாதீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. பயந்துக்கிட்டே படுங்க. மூச்சு மட்டும் விட்டுக்கிட்டே இருங்க” என்றார்.

இரண்டாம் தடவை படுத்தேன். கண்ணும் வாயும் இருக்கிற இடத்தை வெட்டித் திறந்துவிட்டார். பிடிக்க வேண்டியது தாடையும் தோளும்தானாம். பிறகு அதே முகமூடியோடு இயந்திர அறை மேசையில் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், கனமான கதவு மூடியது. கூரையிலிருந்து பச்சைக் கோடுகள் இறங்கி என் தொண்டையில் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. இவ்வளவு பெரிய அறை, இவ்வளவு பெரிய இயந்திரம், அத்தனை பேருடைய படிப்பு, எல்லாம் ஒரு மனிதத் தொண்டையில் ஒரு நகக்கண் அளவு இடத்தைத் தேடி வந்து நிற்கிறது. பயம் போகவில்லை அக்கா. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கும்பிடத் தோன்றியது, கையை அசைக்கக் கூடாது என்பதால் சும்மா கிடந்தேன்.

மைக்கில் தையல்காரம்மாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கையில் ஒரு பந்து கொடுப்பார்கள், அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். உனக்காகக் கேட்டேன், முதல் நாள் கூடுதல் நேரம் ஒதுக்குகிறேன், எத்தனை தடவை உதறினாலும் எனக்கு ஒன்றுமில்லை என்றார்.

இனி நிகழ்ச்சிகள். மாதக் கடைசியில், சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர்கள் கூடும் நாள். போன வருஷக் கூத்தைச் சொல்கிறேன். தையல்காரம்மா ஒரு பெண்ணிடம் போய், நீங்க யாரோட வந்திருக்கீங்க என்று கேட்டுவிட்டார். அவர் வாரக்கணக்கில் இவர் மேசையிலேயே படுத்திருந்தவர். படுத்த முகத்தையே பார்த்துப் பழகியதால் நின்றால் இவருக்கு ஆள் தெரிவதில்லை. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாமல் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து மோவாயைத் தூக்கினார். “அடடே, நீயா” என்று கட்டிக்கொண்டார் இவர். அவ்வளவுதான், சாப்பாட்டு வரிசையை விட்டுவிட்டு ஒவ்வொருவராக இவர் முன்னால் வந்து கண்ணை மூடி மோவாயைத் தூக்கி நின்றார்கள். எல்லோரையும் அடையாளம் சொன்னார். உயிரோடு நிற்கிறார்கள் அக்கா, ஒவ்வொருவரும். தூணுக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னொரு நிகழ்ச்சி மடலில் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை உனக்கு முகமூடி அளவெடுக்கிறார்கள். அதற்கு நீ திங்கட்கிழமை ரயிலில் இங்கே வந்தாக வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டு விழா இருக்கிறது என்று எழுதாதே, பதிலே எழுதாதே. வருவாயா என்று நானும் கேட்கப்போவதில்லை, அத்தானிடமும் கேட்க மாட்டேன். திங்கட்கிழமை நிலையத்தில் நிற்பேன். எந்தப் பெட்டி என்று நீ சொல்ல வேண்டாம். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருவேன்.

உன்
தம்பி